திருவிருந்துக்கு முன்

2024 ஆம் ஆண்டு ஜூலை ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானம் மூடியிருந்தது, மழை பெய்யவில்லை.

போதகருக்கு நேரமாகிறது என்று, தங்கை ஃபுளோரா வந்து சேருமுன்னரே அப்பாவின் சவப்பெட்டியை மூடச் சொன்னவன் நான். அவள் கடைசியாக அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பின் பதினொரு மாதங்கள் எங்களுக்குள் பேச்சில்லை. உடன்பிறந்தவளோடு ஒப்புரவாகாமல் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் பங்குபெறலாகாது என்பதால், அம்மாதங்களில் ஆலயத்தில் அனைவரும் அதற்காக முழந்தாளிடும்போதெல்லாம் நான் மட்டும் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். மனம் மரத்துப்போயிருந்தது. ஆயினும் அந்த ஞாயிறு காலை திருவண்ணாமலையிலிருந்து முதல் பேருந்தில் அவள் ஊரான கீழ்பென்னாத்தூர் சென்றேன்.

அவள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, இத்தினி நாளா பஸ்ஸு கெடைக்கலியா?"

"தப்பு என்னுதுதாம்மா. மன்னிச்சிடு."

அவள் கை நின்றது. "அப்பா மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

"தாடி வளந்திருந்துச்சு. வாய் லேசா தொறந்திருந்துச்சு."

"சட்ட?"

"கிறிஸ்மஸுக்கு நீ எடுத்துக் குடுத்த வெள்ள சட்டதான்."

அவள் அழுதாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. அவள் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இருண்ணா, பொடவ மாத்திக்கினு வரேன். சர்ச்சுக்கு சேந்தே போலாம்."

அப்போது காலை மணி ஏழு நாற்பது; ஒன்பது மணித் திருவிருந்துக்கு இன்னும் நேரமிருந்தது.