கிணற்றடி மரத்துக் காய்கள்

அச்சிமுகம்மது மௌத்தாகி, அடக்கம் செய்த பன்னிரண்டாம் நாள் செல்லத்தம்பி வந்தான். காரைதீவுக்காரன், கல்முனைப் பக்கத்து வளவுகளில் தென்னைக்கு வைத்தியம் பார்ப்பவன். அச்சிமுகம்மதுவின் மனைவி றபீக்கா அப்போது இத்தாவில் இருந்தாள். வெள்ளைச் சேலை, திரை கட்டிய அறை, நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாத இருப்பு. அவள் இன்னும் அழவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தாள். படு என்றால் படுத்தாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அவளுடைய சீதன வளவில் இரண்டே இரண்டு தென்னைகளை விட்டுவைத்திருந்தது. அதற்குப் பிறகு இது நான்காவது கச்சான் காற்றுக் காலம். மண் வறண்டு கிடந்தது. வேலியோரத்து மரம் எப்படியோ தாக்குப்பிடித்தது. கிணற்றடி மரத்தின் ஓலைகள் மஞ்சளித்துத் தொங்கின. செல்லத்தம்பி அதன் அடியில் காதை வைத்துக் கேட்டான். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, ஜன்னலருகே வந்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கதைத்தான்.

“உள்ளுக்குள்ள செவ்வண்டுப் புழு, தங்கச்சி. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரித் தின்னுற சத்தம். துளை போட்டு மருந்து ஊத்தி அடைச்சிருக்கன். ரெண்டு மாசத்துக்கு ஒரு குரும்பையும் பறிக்கப்படாது. நஞ்சு காய்க்குள்ளயும் ஏறும். காக்காட்ட மறக்காமச் சொல்லுங்க.”

“ஓம்,” என்றாள்.

அடையாளத்துக்கு மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனான். அவள் காக்கா என்று அழைக்கும் மூத்த சகோதரர் மீராசா அன்று மாலை சந்தையிலிருந்து வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றாள். மருந்துச் சங்கதியை அவள் மறக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நாற்பதாம் நாள் ஓதிச் சோறு கொடுக்கும் கத்தத்துக்கு முதல் நாள் மீராசா வளவைத் துப்புரவாக்கினார். மரத்தில் கிடந்த அழுக்குத் துணியையும் அவிழ்த்துக் குப்பையில் போட்டார். பிறகு, கறிக்குத் தேங்காய் பறிக்கப் பக்கத்து வளவு அதாவுல்லாவை மரமேற்றினார்.

றபீக்கா பாயில் கிடந்தாள். வேலியோரம் தொம் தொம்மென்று காய்கள் விழுந்தன. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அதே சத்தம் கிணற்றுப் பக்கமிருந்து வந்தது. ஏழெட்டுக் காய் விழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

குசினியை நோக்கிப் பல தடவை கூப்பிட்டாள். அங்கே மா இடிக்கும் உலக்கைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். அதாவுல்லா இறங்கி, காய்களையும் குவித்துவிட்டிருந்தான். மீராசா சற்றுத் தள்ளி நின்றார். அதாவுல்லா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இளநீர் குடிக்க ஒரு குரும்பையின் தலையைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தான். “காக்கா,” என்றாள். நாற்பது நாளாக ஓரிரு சொல்லுக்கு மேல் கதைக்காத தொண்டை. கச்சான் காற்று அந்தச் சொல்லை அள்ளிக்கொண்டு போனது.

அவள் வாசலைத் தாண்டி வெளியே நடந்தாள்.

“அதாவுல்லா, குடிக்காத. அது நஞ்சு.”

அவன் குரும்பையை நழுவவிட்டு, சட்டென்று வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டான். மீராசாவின் முகம் கறுத்தது.

“இத்தாவில இருக்கிற பொம்பிள வெளிய வாறதா? நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்?”

“மௌத்து வீட்டில இன்னொரு மௌத்து விழுந்தாலும் ஊர் கதைக்கும், காக்கா.”

செல்லத்தம்பி சொன்னதை ஏற்ற இறக்கமில்லாமல் ஒப்புவித்தாள். மீராசா கேட்டுவிட்டு மெதுவாகத் தரையில் குந்தினார்.

“இவ்வளவு நாளும் ஏன் புள்ள சொல்லல்ல?”

“தெரியா.”

குவியலில் நாற்பது காய்க்கு மேல் கிடந்தது. எது எந்த மரத்துக் காய் என்று மீராசா கேட்டார். அதாவுல்லா வேலியைப் பார்த்தபடியே சொன்னான்: “ரெண்டையும் ஒண்டாத்தான் குவிச்சன், காக்கா. இனிப் பிரிக்கேலா.”

மீராசா குவியலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முடிவு தன்னுடையது என்று றபீக்காவுக்குப் புரிந்தது. வளவும் அவளுடையது, மரமும் அவளுடையது.

“எல்லாத்தையும் குழி வெட்டித் தாட்டுப்போடுங்க. கத்தத்துக்குச் சந்தையில வாங்குங்க.”

திரும்பி அறைக்குள் போனாள். உலக்கைச் சத்தம் நின்றிருந்தது. பக்கத்து வீட்டுப் பாத்தும்மா மாக் கையோடு ஓடிவந்து, ஏன் ராத்தா, மேலுக்குச் சரியில்லையா என்று கேட்டாள். வெட்கமோ கவலையோ தனக்குள் இருக்கிறதா என்று றபீக்கா தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. தான் பார்த்த கிணற்றடி மரத்தைப் பற்றி மட்டும் சொல்ல இருந்தது.

“குருத்துப் பச்சையா நிக்குது, புள்ள. அதுக்கு ரெண்டு வாளித் தண்ணி ஊத்தச் சொல்லு.”