சலவை அறையில் ஒட்டிய சீட்டு

1

கதை எழுதுகிறவன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மனித குலம் இதுவரை கண்ட ஒரே முழுச் சுதந்திரம் இதுதான். ஆராய்ச்சியாளர்களுக்கு அது வாய்க்கவில்லை. ஒருவரை ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்பதற்கும் பாவம் அவர்கள் நெறிமுறைக் குழுவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். என் பக்கத்து அறைத் தூவா அப்படி ஒரு கையெழுத்துக்கு அலைந்ததைப் பார்த்துச் சிரித்தேன். இந்தக் கதை பிறந்தது அந்தச் சிரிப்பில்தான்.

2

முதல் தொடக்கம்: ‘பனி பெய்துகொண்டிருந்தது. தூவாவின் கண்களில் ஒரு...’

வேண்டாம். ஸ்வீடனில் பனி பெய்வதெல்லாம் ஒரு செய்தியா?

இரண்டாவது: ‘தூவாவின் முனைவர் பட்டம் சலவை அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.’

இது பரவாயில்லை, உண்மையும்கூட. எங்கள் குடியிருப்பில் அத்தனை வீட்டுக்கும் அடித்தளத்தில் ஒரே சலவை அறை; முன்பதிவு செய்து, முறை வைத்துத் துவைக்க வேண்டும். முகத்துக்கு நேரே யாரும் யாரையும் ஒரு வார்த்தை கடிந்துகொள்வதில்லை. சீட்டெழுதி ஒட்டிவிடுவோம். ‘என் முறையில் உங்கள் காலுறைகள் சுழன்றுகொண்டிருந்தன. இப்போது அவை வெளியே பனியில் ஓய்வெடுக்கின்றன. அன்புடன், ஓர் அண்டைவீட்டார்.’ பெயர் மட்டும் இருக்காது.

தூவாவின் ஆய்வுப்பொருள் இந்தச் சீட்டுகள்தான்.

3

நெறிமுறைக் குழுவின் தலைவர் குன்வோர். சீட்டெழுதியவர்களும் மனிதர்கள்தானே, அவர்களுடைய ஒப்புதல் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

“பேரே தெரியாதவங்ககிட்ட எப்படிக் கேக்கிறது, குன்வோர்?”

“அது உன் ஆராய்ச்சிம்மா. என்னோடது இல்ல.”

(குன்வோரை வில்லியாக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் இதைச் சொல்லிவிட்டுத் தூவாவுக்கு ஏலக்காய் ரொட்டி கொடுத்திருக்கிறார். ரொட்டி கொடுக்கிறவரை வில்லியாக்கும் திறமை எனக்கு இன்னும் கைகூடவில்லை.)

கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி வந்தது. பழைய சீட்டுகளைத் தொடக் கூடாது. இங்கே ஒட்டும் சீட்டுகள் ஆய்வுக்கு எடுக்கப்படும் என்று சலவை அறையில் ஓர் அறிவிப்பு வைக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகும் எழுதுகிறவர்களின் சீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

4

தூவா அறிவிப்பை ஒட்டினாள். மறுநாளே அதன் மேல் ஒரு சீட்டு: ‘சலவைக்கு முன்பதிவு செய்யாதவர்கள் இங்கே எதையும் ஒட்டக் கூடாது.’

அவள் துள்ளிக் குதித்தாள். அவளுடைய ஆய்வின் முதல் தரவு அது. கடைசித் தரவும் அதுவே என்று அப்போது தெரியவில்லை. யாரோ தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் குடியிருப்பு மொத்தமும் திருந்திவிட்டது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் பஞ்சு கிடையாது. முறை தாண்டி யாரும் துவைப்பதில்லை. யாரோ ஒரு பாவி அவளுடைய துண்டுகளை மடித்தே வைத்துவிட்டுப் போயிருந்தான். அவளுடைய ஆய்வு நெறியாளரோ, வசந்தத்துக்குள் தரவு சேராவிட்டால் ஆய்வை மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

5

இனி முடிவுகள்.

அ) தூவா தலைப்பை மாற்றிக்கொள்கிறாள்: ‘கண்காணிப்பும் கனிவும்’. சப்பென்று இருக்கிறது.

ஆ) ஆளில்லாத நேரம் பார்த்துச் சலவை அறைக்குப் போகிறாள். பையிலிருந்து பேனாவை எடுத்து...

இது அபாரம். எங்கள் பொதுச் சமையலறையில் அவளுக்கே படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“டேய் எழுத்தாளா, நானே சீட்டெழுதி ஒட்டினேன்னு ஊரெல்லாம் நினைக்கும்.”

“கதைதானே, தூவா.”

“கதை உன்னுது. பேரு யாருது? பட்டம் யாருது?”

கோபமாகச் சொல்லவில்லை. உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு எனக்கும் சேர்த்தே வேகவைத்தாள். அதற்குப் பதில் என் கதவில் திட்டி ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம்.

6

தூவா அவளுடைய பெயர் இல்லை. அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. மேலே உள்ள உரையாடலை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். ‘ஆ’வின் மீதி வரிகள் சம்பந்தப்பட்டவரின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டன. ரொட்டி விஷயத்தைச் சேர்க்கலாமா என்று குன்வோருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

பேனாவோடு போனவள் என்ன செய்தாள் என்பதை இனி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டாயமில்லை. எந்த இடத்திலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. சம்மதமானால் இங்கே கையெழுத்து:

.............................