சிலுவைதாசனின் தேக்குப் பெட்டி

மனைவிக்கு அடுத்தபடியாக ராஜதாஸுக்கு இந்த உலகத்தில் பிடித்தது, திருவனந்தபுரத்திலிருந்து வாங்கி வந்த சுழல் நாற்காலி. அடுத்தபடி என்பது அவர் வாயால் சொன்னது. ஊரார் இந்த வரிசையை மாற்றித்தான் சொல்வார்கள். பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகும் ரோட்டில், ‘லாசர் அன்ட் சன்ஸ் பிரைவேட் லிமிடெட்’ என்று பலகை தொங்கும் சவப்பெட்டிக் கம்பெனியின் முன்னறையில் அது கிடந்தது. லாசர் அவருடைய அப்பா. கல்லறையிலிருந்து எழுந்து வந்தவரின் பெயரை வைத்துக்கொண்டு சவப்பெட்டி விற்பது வாங்குகிறவனை ஏமாற்றுகிற வேலை என்று பங்குச் சாமியார்கூடக் கேலி செய்வார்.

சாகும்போது லாசர் கம்பெனியை மகனுக்கும் மகள் புஷ்பபாய்க்கும் சரிபாதியாக எழுதி வைத்தார். பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்ற நல்லெண்ணம். பாதிப் பாதி கிடைத்தால்தான் மனிதர்கள் நன்றாக அடித்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. அதிலும் புஷ்பபாயின் கணவர் யோசுவா பஸ் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் நிலைமை முற்றியது. அவர் காலையில் சாயாவுக்குச் சீனி கூடிப்போச்சு என்று ஆரம்பித்தால், ராத்திரி மீன்குழம்புக்குப் புளி குறைந்துபோச்சு என்பதில்தான் முடிப்பார். அந்த மனிதரை எங்காவது ஒரு நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டால் பகல் முழுக்கத் தனக்கு நிம்மதி என்று புஷ்பபாய் நினைத்தாள். அவள் கண்ணில் பட்டது தம்பியின் நாற்காலி.

போன வருஷம் கம்பெனிக்கு நஷ்டம். குடும்பக் கூட்டத்தில் புஷ்பபாய் விரலை நீட்டிச் சொன்னாள்: “எலே, இந்த வருஷமும் நஷ்டம் எண்ணு வந்தா நீ எழும்பணும். அத்தான் இருப்பாரு.” வீராப்பில் ராஜதாஸ் சரி என்று தலையாட்டிவிட்டார்.

தலையாட்டியதற்குக் காரணம் முன்பெட்டி. காரோட்டுக் கடற்கரையில் மீன் அள்ளிக்கொண்டு வரும் மாதங்களில், கைக்கு வந்த காசு கரைவதற்குள் தன் பெட்டிக்கு முழுப் பணத்தையும் கட்டிவிடுவது பலருக்கு வழக்கம். பிள்ளைகளை நம்பினால் மாம்பலகைதான் கிடைக்கும் என்ற பயம். பணம் வந்த அன்றே ராஜதாஸ் அதை வருமானமாக எழுதிவிடுவார். பெட்டியை யாருக்கென்றும் எடுத்து வைப்பதில்லை. ஆள் போனதாகச் சேதி வந்ததும், அவர் பணம் கட்டின மரத்தில் எது முன்னால் நிற்கிறதோ அது வண்டியில் ஏறும். பெட்டி மாறிப்போச்சு என்று இதுவரை யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. இந்த வருஷம் மீனுக்கு நல்ல வருஷம். முன்பெட்டிப் பணம் கொட்டியிருந்தது. ராஜதாஸ் நாற்காலியில் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்தச் சுற்று நின்றது, தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பிப்ரவரியில். நெய்யாற்றின்கரை ஆடிட்டர் ஜெயச்சந்திரன், எர்ணாகுளத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு, தடித்த நீலப் புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வழக்கமாக ஏத்தம்பழத்தில் போட்ட பழம்பொரியைத் தின்றுகொண்டே கையெழுத்துப் போடுகிற மனிதர் அன்று தட்டைத் தொடவில்லை. ராஜதாஸ் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“ராஜதாஸே, பழைய மாதிரி இனி பற்றாது. கணக்குத் தரம் எண்ணு சட்டத்துலயே சேர்த்தாச்சு. சரக்கு போகாத அட்வான்ஸ் வருமானம் ஆகாது. முந்தின வருஷங்கள்ல அப்பிடி எழுதினதையும் இந்த வருஷக் கணக்குல திருப்பணும்.”

“ரூவா வந்தாச்சே சாரே.”

“ரூவா வந்தாச்சு. பெட்டி போச்சா?”

“ஆளு போனாத்தானே சாரே பெட்டி போவும்!”

“அப்போ ஆளு போற வருஷம் எழுதும்.”

ராஜதாஸ் முன்பெட்டிக்காரர்களை ஒவ்வொருவராக மனசுக்குள் வரவழைத்துப் பார்த்தார். எல்லாரும் திடமாக வந்து நின்றார்கள். ஒருத்தருக்கும் இருமல்கூட இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவர் கடல்காற்றைச் சபித்தார். பிறகு அதற்காக நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவர் முகத்தைப் பார்த்து ஜெயச்சந்திரனுக்கே பாவமாக இருந்தது. புத்தகத்தைப் புரட்டினார்.

“ஒரு வழி உண்டு. வாங்கினவரே, இப்போ வேண்டாம், பெறவு எடுத்துக்கிடுதேன் எண்ணு டெலிவரியைத் தள்ளி வச்சா அதை விற்பனை எண்ணு எழுதலாம். ஆனா பெட்டி செஞ்சு முடிஞ்சு தனியா இருக்கணும். இன்னாருக்க பெட்டி எண்ணு அடையாளம் வேணும். இது எனக்கதாக்கும் எண்ணு ஆளு வந்து பாத்து ஒப்பிடணும், கையெழுத்துப் போடணும். பின்னே, டெலிவரி கண்டிப்பா நடக்கும் எண்ணு உறுதியான எதிர்பார்ப்பு வேணும்.”

ராஜதாஸுக்கு உயிர் வந்தது. “அந்தக் கடைசிச் சங்கதியில சாரு பயப்படாண்டாம். நம்ம கச்சவடத்துல டெலிவரி எடுக்காம தப்பிச்ச ஆளு இதுவரைக்கும் இல்ல.”

அதற்குப் பிறகு ஷெட்டில் உளிச்சத்தம் ஓயவில்லை. பனச்சமூட்டிலிருந்து கடனுக்கு மரம் வந்தது. பெட்டிகள் வரிசை வரிசையாக எழும்ப, கடைப் பலகை எழுதுகிறவரைக் கூட்டி வந்து, ஒவ்வொரு மூடியிலும் வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதினார்கள். உயிரோடு இருக்கிற ஆட்களின் பெயரை அந்த இடத்தில் எழுதக் கை வரவில்லை என்று அந்த ஆள் இரண்டு தடவை பாதியில் ஓடப் பார்த்தார். குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் அவரவர் வந்து பெட்டியைப் பார்த்து ஒப்பிட வேண்டும், சாயாவும் பழம்பொரியும் உண்டு என்று ராஜதாஸ் சொல்லியனுப்பினார்.

பழம்பொரி என்றதும் கூட்டம் டிரெக்கர் வண்டி பிடித்து வந்தது. கையில் குருத்தோலையோடு வந்தவர்கள், வைக்க வேறு இடம் இல்லாமல் அவரவர் பெட்டியின் மேலேயே செருகினார்கள். ஷெட் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தர் ஆணியை எண்ணினார். இன்னொருத்தர் மெத்தைத் துணியைக் கிள்ளிப் பார்த்து, இதைவிட நல்ல துணி பக்கத்துப் பெட்டியில் இருப்பதாகக் கோள் சொன்னார். பணம் கட்டின காலத்தில் மெலிந்திருந்த சுந்தரதாஸ் உள்ளே படுத்துப் பார்த்து, தோள் இடிக்கிறது என்றார். ராஜதாஸ் கையைப் பிசைந்துகொண்டு, “அண்ணே, அந்த நேரத்துக்கு மெலிஞ்சிருவிய” என்றார். பெட்டி மெத்தை சுகமாக இருந்ததால் சுந்தரதாஸ் அப்படியே தூங்கிப்போக, நிஜமாகவே பெட்டி வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் அவர் கண் விழித்துக் கொட்டாவி விட்டதைக் கண்டு ரோட்டைப் பார்த்து ஓடியது.

சுந்தரதாஸின் மனைவி ஓமனாவுக்கு வேறு குறை. “எனக்க பெட்டியை எதுக்கு இவருக்க பக்கத்துல வச்சிருக்கிய? காலம் பூரா பக்கத்துல கெடந்து குறட்டை கேட்டாச்சு. அங்கோட்டு மாத்துங்க.” மாற்றினார்கள்.

புஷ்பபாய் ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு ஆளும் ஒப்பிட ஒப்பிட அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. யோசுவா உள்ளே பழம்பொரியில் உப்பு கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. அவள் ஜெபமாலையை எடுத்து உருட்டினாள்.

மத்தியானம் ஆனபோது ஒரே ஒரு பெட்டிதான் மீதி. ஷெட்டிலேயே விலை கூடிய பெட்டி, சுத்தத் தேக்கு. மூடியில் சிலுவைதாசன் என்று எழுதியிருந்தது. ஜெயச்சந்திரன் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தேக்குப் பெட்டி சேர்ந்தால் லாபம், சேராவிட்டால் நஷ்டம். நடுவில் வேறு வழி கிடையாது.

புஷ்பபாயின் ஜெபமாலை நின்றது.

சிலுவைதாசன் ஒரு நல்ல மீன் வருஷத்தில் தனக்குத் தேக்கும் மனைவி ப்ளோரன்ஸுக்கு மாமரமும் சொல்லிப் பணம் கட்டியவர். அதற்கு அடுத்த ஆடி மாதக் கடலில் வள்ளத்தோடு போனவர், திரும்பவில்லை. வள்ளத்தின் ஒரு பலகை மட்டும் கரை ஒதுங்கியது. ஊரும் பங்குக் கோயிலும் அவருக்காக இறந்தவர் பூசை வைக்கக் கேட்டபோது ப்ளோரன்ஸ் சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் அவள் பூப்போட்ட சேலைதான் கட்டுவாள். கழுத்தில் தாலி கிடந்தது. பாறசாலை பக்கம் வரும்போதெல்லாம் கம்பெனியில் தலையை நீட்டி, “மக்கா, அவருக்க பெட்டி பத்திரமா உண்டா?” என்று கேட்பாள். உண்டு உண்டு என்று ராஜதாஸ் சொல்வார். அப்படி ஒரு பெட்டி அப்போது இருந்ததே இல்லை.

ப்ளோரன்ஸ் தன் மாம்பெட்டிக்கு ஒப்பிட்டுவிட்டுத் தேக்குப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். பெயரின் மேல் விரலை வைத்துத் தடவினாள். “எனக்கு மாங்கா மரம், தொரைக்குத் தேக்கு” என்று சொல்லிச் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ராஜதாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

ஜெயச்சந்திரன் நல்ல மனிதர்தான். ஆனால் நீலப் புத்தகம் கையில் இருந்தது. “வாங்கினவருக்குப் பதிலா வீட்டுக்காரி ஒப்பிடலாம். அதுல தப்பில்ல. ஆனா டெலிவரி நடக்கும் எண்ணு உறுதி வேணுமே. ஆளு கடல்ல... உடம்பு கெடைக்கல. அப்போ இந்தப் பெட்டி யாருக்கு, எப்பிடிப் போவும்?”

ராஜதாஸுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. ப்ளோரன்ஸ் அக்காவைப் பார்த்து, அவரு வருவாருதானே, அதைச் சாரிட்ட சொல்லுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரில் ஒருத்தரும் நம்பாததை, அவரே நம்பாததை, இத்தனை பேர் முன்னால் அவள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். நாற்காலி தப்பும். அவர் வாயைத் திறந்தார். அவளுடைய கை இன்னும் அந்தப் பெயர் மேலேயே இருந்தது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“விட்டிரும் சாரே. நஷ்டம் எண்ணு எழுதும். அத்தான் வந்து இருக்கட்டு” என்றார். “அக்கா, நீங்க சாயா குடிச்சிட்டுப் போங்க. பேரை நான் அழிச்சிருதேன்.”

“பேரை எதுக்கு அழிக்க?” ப்ளோரன்ஸ் திரும்பினாள். “சாரு என்ன கேட்டாரு? டெலிவரி உண்டா எண்ணுதானே? உண்டு. அவரு வருவாரு. வந்த மனுசன் அப்பிடியே எந்நேரமும் இருந்துருவாரா? வயசாவும், தீனம் வரும், ஒருநாள் போவாரு. அப்போ பெட்டி வேண்டாமா? அதுக்குத்தானே ரூவா கட்டினாரு. எங்க ஒப்பிடணும்?”

ஜெயச்சந்திரன் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலும் புரட்டினார், பின்னாலும் புரட்டினார். எதிர்பார்ப்பு வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. யாருடைய எதிர்பார்ப்பு, எத்தனை வருஷத்துக்கு என்றெல்லாம் எர்ணாகுளத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

புஷ்பபாய் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். “சாரே, இது என்ன கணக்கு? கடலு கொண்டு போன ஆளு...”

“புஷ்பம்.” ப்ளோரன்ஸின் குரல் உயரவில்லை. “உனக்க மாப்பிள வீட்ல இருக்காரு எண்ணு உனக்குப் பொறுக்கல. எங்கயாவது கொண்டு இருத்தணும் எண்ணு கெடந்து ஓடுத. எனக்க மாப்பிள மட்டும் வந்தா, நான் அவரை அடுக்களையை விட்டு வெளிய விடமாட்டேன். கொழம்புல புளி இல்ல எண்ணு அவரு நாள் பூரா ஏசட்டு. கேட்டுட்டே இருப்பேன்.”

புஷ்பபாய் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து யோசுவா, சாயாவுக்குச் சீனி போதாது என்று கூப்பிட்டார். யாரையோ ஏவப் போனவள், பிறகு தானே எழுந்து சீனி டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

ப்ளோரன்ஸ் ஒப்பிட்டாள். ஜெயச்சந்திரன் எல்லாப் பெட்டிகளுக்கும் எழுதிய அதே வரியைச் சிலுவைதாசன் பெயருக்கு நேராகவும் எழுதினார்: வாங்கியவர் கேட்டுக்கொண்டபடி டெலிவரி தள்ளிவைக்கப்பட்டுள்ளது. எழுதி முடித்ததும் பழம்பொரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

நாற்காலி பிழைத்தது. ராஜதாஸுக்கு அதில் போய் உட்காரத் தோன்றவில்லை. ப்ளோரன்ஸைப் பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் கூட நடந்தார்.

“மாமரத்துப் பெட்டியையும் அதுக்க பக்கத்துலயே வையி மக்கா” என்றாள் ப்ளோரன்ஸ். “பின்னே, தேக்குல கரையான் ஏறாம பாத்துக்கோ. அந்த மனுசன் வந்து பாத்தாருண்ணா ஒன்னைச் சும்மா விடமாட்டாரு.”

“ஏறாது அக்கா. நான் நாள்தோறும் பாக்கேன்” என்றார் ராஜதாஸ். அவளிடம் பெட்டியைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.