சைரன் நின்றுபோன இடம்

இறக்காமத்து வயலில் காவல் கம்பியை யானை அசைத்தால் சைரன் ஒரு நிமிசம் அலற வேண்டும். வயல்காரரின் போனுக்குச் செய்தியும் போக வேண்டும். போன மாதத்திலிருந்து செய்தி போகிறது, சைரன் மட்டும் ஒரு முனகலோடு நின்றுவிடுகிறது. அந்தக் கருவிக்கு நிரல் எழுதியவர்கள் இரண்டு பேர்: மருதமுனை றினோஸாவும் ஹாதிக்கும். ஹாதிக் இப்போது மெல்பேர்னில்.

"புள்ள, நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்ட்டு வாறன்" என்று வயல்காரர் கச்சிமுகம்மது சைக்கிளை எடுத்தார்.

றினோஸா காவல் பரணில் தனியே இருந்தாள். சைரனைக் கழற்றி, அந்த வயரில் சின்ன பல்ப் ஒன்றைப் பூட்டினாள். கம்பியை அசைத்தாள். பல்ப் மின்னி அணைந்தது. சைரனுக்கான வரிகளை மடிக்கணினியில் திரும்பத் திரும்பப் படித்தாள். அதில் ஒரு பிழையும் இல்லை.

செய்தி அனுப்பும் பகுதியை நிறுத்திவிட்டு அசைத்துப் பார்த்தாள். பல்ப் ஒரு நிமிசம் எரிந்தது. பழைய ஆங்கிலச் செய்தியைப் போட்டாள். எரிந்தது. தமிழ்ச் செய்தியைப் போட்டாள். அணைந்தது.

அப்போதுதான் பிடிபட்டது. கருவியின் நினைவகத்தில் செய்திக்கு ஹாதிக் ஒதுக்கிய இடம் ஆங்கிலத்துக்கு அளந்தது. வயல்காரர்கள் கேட்டதால் போன மாதம் அவள் தமிழில் மாற்றினாள். தமிழ் எழுத்துக்கு அதைவிடக் கூடுதல் இடம் வேணும். செய்தி முடிந்தது என்று குறிக்கக் கடைசியில் வரும் பூச்சியம் வழிந்து, சைரன் எவ்வளவு நேரம் அடிக்க வேணும் என்று குறித்திருந்த பக்கத்து இடத்தில் விழுந்து, அந்த நேரத்தையே பூச்சியமாக்கியிருந்தது.

ஹாதிக்கை அழைத்தாள்.

"பிழை சைரன்ல இல்ல ஹாதிக். செய்தில இருந்து..."

"ஆ, நல்லம் றினோஸா. மகளைக் கூட்டிட்டு வாற வழில நிக்கன். பொறகு கதைப்பமா?"

"ஓம்" என்றாள். இதைச் சொன்னால் பாதியிலேயே விளங்கிச் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

இடத்தைப் பெருப்பித்து, சைரனைப் பூட்டி, கம்பியை அசைத்தாள். வெளியெல்லாம் அதிர அது அலறியது. அடுத்த வயல் கதிர்காமத்தம்பி யானை வெடியோடு வரம்பில் ஓடி வந்தார்.

"எங்க பிள்ள யானை?"

"யானை இல்ல அண்ணன். சைரன் சரியா எண்டு பாத்தனான்."

"பயந்தே போனன்" என்று சிரித்தார். "இப்ப சரிதானே?"

"சரி. பிழை எங்க கிடந்தது தெரியுமா அண்ணன்..."

"அடிக்குதுதானே, அது போதும் பிள்ள" என்று அவர் வந்த வரம்பிலேயே திரும்பினார். றினோஸா அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடிக்கணினியை மூடினாள்.