முதல் வரிக்கு எண் ஒன்று

அந்த ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் பழைய ஆள். எல்லோருக்கும் அவர் சிஸ்டம்காரர். இன்னொருவர் அவருடைய தங்கை புருஷன். தங்கை அழுது கெஞ்சியதால் சிஸ்டம்காரரே உள்ளே இழுத்துவிட்ட ஆள். அடுத்த மாதத்திலிருந்து ஒருவர் போதும் என்று முதலாளி சொன்னதும், மாப்பிள்ளை செய்யும் வேலையையெல்லாம் சிஸ்டம்காரர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்.

நோயாளிகளின் படங்கள் மொத்தமும் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி. கரண்ட் போய் வந்தால், எப்படித் தொடங்கட்டும் என்று திரையில் இரண்டு வரிகளைக் காட்டிவிட்டு, யாராவது வந்து தேர்ந்தெடுக்கும்வரை கல்லாகக் கிடக்கும். முதல் வரி, வழக்கம்போல் தொடங்குவது. இரண்டாவது, நெட்வொர்க் வழியாகத் தொடங்கி, டிஸ்க்கைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது.

அது தானாகவே தொடங்க வேண்டும் என்ற முதலாளி, வேலையை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். ஒழுங்காகச் செய்தால் வேலையில் நீடிக்கப்போவது யார் என்று மூவருக்கும் தெரியும்.

எந்த வரியில் தானாகத் தொடங்க வேண்டும் என்று குறிக்கும் எண்ணை மாப்பிள்ளை அடித்துவிட்டு, சேமிக்கும் முன் சிஸ்டம்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"முதல் வரிதானே மச்சான் வேணும்? ஒண்ணுன்னு போட்டிருக்கேன். சரியா?"

அந்தப் பட்டியலின் கணக்கு பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். பூஜ்யம் போட்டால்தான் முதல் வரி. ஒன்று போட்டால் இரண்டாவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிஸ்டம்காரரே அந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்.

"நீங்க போட்டா தப்பாவா இருக்கும் மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை சாப்பிடப் போனதும், படங்களையெல்லாம் சாவகாசமாக வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

சாயங்காலம் முதலாளி முன்னால் மாப்பிள்ளையே பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார். கம்ப்யூட்டர் யாருக்காகவும் காத்திருக்காமல் தொடங்கியது. அவர் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். சிஸ்டம்காரர் பலே என்பதுபோல் தலையாட்டினார்.

டிஸ்க் துடைக்கப்படுகிறது என்ற வரியை முதலில் படித்தவர் முதலாளிதான். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தவர் நாற்காலி தடுக்கிக் குப்புற விழுந்தார். எழுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

முதலாளி திட்டிய திட்டு வெளியே காத்திருந்த நோயாளிகள் வரை கேட்டது. வேலை போன மாப்பிள்ளை வாசலைத் தாண்டிய பிறகுதான் சிஸ்டம்காரர் டிராயரைத் திறந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்ததாக அடக்கமாகச் சொன்னார். முதலாளி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வீடு போய்ச் சேருமுன்னே தங்கையிடமிருந்து போன். அவர் சாப்பிடவே இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள்.

"உங்கிட்ட காட்டிக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன்னு சொல்றாருண்ணே."

"எங்கிட்டயா? பயத்துல ஏதோ உளர்றாரு. நீயும் சேர்ந்து திட்டிடாத, பாவம்."

 தங்கை போனைக் காதிலிருந்து எடுக்காமலே புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பண்றதையும் பண்ணிட்டு எங்கண்ணன் மேலயே பழியப் போடுறீங்களா?"

மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று சிஸ்டம்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கதவைச் சாத்தும் சத்தம்தான் வந்தது.