பழத்தட்டு தூக்கி வந்த புத்தகம்

வடுகூரணியில் புத்தகங்கள்தான் ஆளைப் பார்க்க வரும். ஆள் புத்தகத்தைத் தேடிப் போகும் வழக்கம் அங்கே இல்லை. போனால், வீட்டில் எடுத்துச் செய்ய யாருமில்லையா என்று கேட்பார்கள். நல்ல நாள் பார்த்து, தரகர் முன்னே நடக்க, புத்தகம் தன் உறவோடு படியேறி வரும். உட்காரவைத்து கேசரியும் பஜ்ஜியும் கொடுத்து, ஒரு பக்கம் படித்துக் காட்ட வேண்டும். இரண்டு தரப்புக்கும் பிடித்துவிட்டால் புத்தகம் அங்கேயே தங்கிவிடும். படித்து முடித்த மறுநாள் விடியுமுன் கிளம்பிப் போய்விடும்.

வீட்டில் படிக்கப் புத்தகம் இல்லாதவர்களுக்கு அந்த ஊரில் மத்தியானம் கிடையாது. இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. சும்மா கிடந்து ஊசிப்போகிற மத்தியானத்தை வேண்டியவர்களுக்குக் கொடுப்பதுதானே நியாயம்.

தையல்நாயகிக்குப் பங்குனியிலிருந்து மத்தியானம் இல்லை. சோற்றுப்பானையைக் கழுவிக் கவிழ்ப்பாள்; நிமிர்ந்தால் தெருவிளக்கு எரியும். ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. முன்பெல்லாம் சாப்பாடு முடிந்ததும் வெயில் உள்ளே வந்து அவள் காலடியில் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தலை காய்வதேயில்லை. ஈரத்தலையோடு படுத்துப் படுத்து மூக்கு அடைத்துக்கொண்டுவிட்டது. பேசினால் யாரோ பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

அவள் புருஷன் மாசிலாமணிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவர் பேப்பர் படிக்கிறவர். பேப்பர் அளவுக்கு ஒரு துண்டு மத்தியானம் அவருக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்.

"எனக்கும் கொஞ்சம் குடுங்களேன்" என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள்.

"எனக்கே பத்தலை தையலு" என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை. விளம்பரமெல்லாம் அவர் படிப்பதில்லை.

தையல்நாயகியின் மத்தியானம் பக்கத்து வீட்டு ஜெசிந்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெசிந்தா ஓயாமல் பேய்க்கதை படிக்கிறவள். ஒரே நாளில் இரண்டு மத்தியானம் வந்ததால் இரண்டு தடவை வடகம் காயப்போட்டாள், இரண்டு தடவை தூங்கி எழுந்தாள், முகமெல்லாம் கறுத்துவிட்டது. "நான் கேட்டு வாங்கலக்கா. அதுவா வந்து நிக்குது, வெரட்டவா முடியும்?" என்று ஒரு டப்பா வடகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். தையல்நாயகி வாங்கிக்கொண்டாள். தன் வெயிலில் காய்ந்த வடகம்தானே, தின்றால் என்ன? ஆனால் கடிக்கும்போது வயிறு எரிந்தது.

புத்தகம் வராமல் இல்லை. முப்பது வருஷமாகத் தரகர் வைரவன் அவளுக்கு ராஜா கதையாகவே கூட்டிவருவார், அவளும் தலையாட்டுவாள், ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. பங்குனியில் ஒருநாள், படித்துக் காட்டும்போது, தூரத்தில் குதிரை கிளப்பிய புழுதி தெரிகிற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. அடுத்த வரிக்குப் போக மாட்டேன் என்றுவிட்டது. அடுத்த வாரம் வேறொரு ராஜா வந்தார், அவருக்கு முன்னாலும் புழுதி கிளம்பியது, அங்கேயும் நின்றாள். அப்படியே சித்திரை, வைகாசி போயிற்று. வந்த புத்தகமெல்லாம் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போயின.

ஆனி கடைசியில் வைரவன் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஆடி பொறக்கப்போகுது. ஆடியில எந்தப் புத்தகமும் ஆள் பாக்க வராது, தெரியுமில்ல? அதுக்குள்ள அமையலைன்னா உன் மத்தியானம் பக்கத்து வீட்டோடவே நின்னுரும். அப்புறம் நானே தலைகீழா நின்னாலும் திருப்ப முடியாது."

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்கண்ணே."

"நல்ல இடமா ஒண்ணு இருக்கு. நாலு பாகம். கூட்டுக் குடும்பம், பிரிச்சுக் குடுக்க மாட்டாங்க. ராஜ பரம்பரை."

"மறுபடியும் ராஜாவா?"

"உனக்கு வேற என்ன பிடிக்கும்?"

அவளுக்கும் தெரியவில்லை. சரி, வரச்சொல்லுங்கள் என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் (அவளுக்கு எல்லாமே சாயங்காலம்தான்) பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். மூக்கு இன்னும் அடைத்துக்கொண்டது.

பார்க்க வரும்போது எந்தப் புத்தகமும் தன்னைவிட லட்சணமான சின்னப் புத்தகத்தைத் துணைக்குக் கூட்டிவராது. கண் அதன்மேல் போய்விட்டால் வம்பாகிவிடும் அல்லவா? இது வடுகூரணியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நாலு பாகத்துக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் பழத்தட்டு தூக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. ராஜ பரம்பரை, தாங்களே தட்டைத் தூக்க முடியுமா? அதனால் தெருமுனையில் சும்மா நின்ற ஒரு வெள்ளாட்டு வளர்ப்புப் புத்தகத்தைக் கையோடு கூட்டிவந்தார்கள். ஒல்லி உடம்பு, முதுகில் இரண்டே இரண்டு ஸ்டேப்ளர் பின், அட்டையில் ஒரு ஆடு நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. இதை யார் ஏறெடுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

நாலு பாகமும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தன. இடம் போதாமல் நாலாம் பாகம் கைப்பிடியில் உட்கார்ந்தது. ஆட்டுப் புத்தகம் தட்டை சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே மேடை ஓரமாக நின்றுகொண்டது.

"ஒரு பக்கம் படிச்சுக் காட்டட்டுமே" என்றது முதல் பாகம். குரலில் நல்ல கனம்.

தையல்நாயகி பட்டுப்புடவை சரசரக்க உட்கார்ந்து படித்தாள். அந்தி வந்தது, ஆறு வந்தது, ஆற்றங்கரையில் ஆலமரம் வந்தது. தூரத்தில் புழுதி கிளம்பியது. நின்றாள். மாசிலாமணி இருமினார். வைரவன் கூரையைப் பார்த்தார். நாலாம் பாகம் மூன்றாம் பாகத்தின் காதில் ஏதோ சொன்னது.

"காபி கொண்டாறேன்" என்று எழுந்து உள்ளே ஓடிவிட்டாள்.

பாலை அடுப்பில் வைத்தாள். பொங்கும்வரை எங்காவது பார்க்க வேண்டுமே. பக்கத்தில் நின்ற ஆட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். "வெள்ளாடு வாங்கும்போது முதலில் பல்லைப் பார்க்கவும். நான் பார்க்கவில்லை. அதனால் நேர்ந்ததை மீதிப் பக்கங்களில் எழுதியிருக்கிறேன்" என்று ஆரம்பித்தது. பங்கஜம் என்றொரு ஆடு, எழுதியவரின் மச்சினன் கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளை வேட்டியில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியை என்ன செய்வது என்று சம்பந்திகள் கூடிப் பேசினார்கள். நடுவில் தீவனத்துக்கு எவ்வளவு புண்ணாக்கு என்று ஒரு பத்தி. பத்தி முடிவதற்குள் பங்கஜம் பந்தலில் ஏறிவிட்டது.

தையல்நாயகி சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதே நேரம் அடைத்திருந்த மூக்கு திறந்துகொண்டு, பால் தீய்கிற வாசனை ஜம்மென்று உள்ளே போயிற்று. கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது.

அவள் வெளியே வந்தபோது கையில் காபி இல்லை. ஆட்டுப் புத்தகம் இருந்தது, விரல் நடுவில் செருகியபடி.

"அண்ணே, எனக்கு இதுதான் வேணும்."

"தங்கச்சி, அது தட்டு தூக்க வந்தது" என்றார் வைரவன் மெதுவாக.

"இருக்கட்டுமே."

"நீங்கதான் ஆடே வளக்கலையே" என்றது இரண்டாம் பாகம்.

"நான் ராஜ்யமும்தான் ஆளலை" என்றாள் தையல்நாயகி. சொன்ன பிறகு அவளுக்கே பயமாகிவிட்டது. முப்பது வருஷம் சோறு போட்ட வீட்டை உதறினாற்போல இருந்தது.

முதல் பாகம் கேசரித் தட்டை மேசையில் வைத்தது. "நாங்க நாலு பேர் படியேறி வந்திருக்கோம். வெறுங்கையோட எறங்கினா ஊர்ல என்ன சொல்லுவாங்க?" அதன் குரலில் கனம் குறைந்திருந்தது. பாவம், அதையும் யாரோ படித்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தாதான் வழி சொன்னாள். "நாலு பேரும் நம்ம வீட்டுக்கு வாங்களேன். பேயாப் படிச்சுப் படிச்சு எனக்கு இருட்டுன்னா இப்ப பயமே வரமாட்டேங்குது. புழுதியப் பாத்ததில்ல, பாத்துருவோம்." நாலு பாகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வைரவன் அப்போதே நல்ல நேரம் பார்த்தார். மீதி பஜ்ஜியை அந்த வீட்டுக்கே எடுத்துப் போனார்கள்.

மறுநாள் சோற்றுப்பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு தையல்நாயகி நிமிரப் பயந்தாள். பிறகு நிமிர்ந்தாள். மத்தியானம் பால்கனியில் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தது, மேலெல்லாம் வடக வாசனை. "வா, உள்ளே வா" என்றாள். தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, காலை நீட்டி, பங்கஜம் தாசில்தார் ஆபீசுக்குள் நுழைந்த அத்தியாயத்தைப் பிரித்தாள். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியில் இரண்டு தடவை கண் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் ஒல்லிப் புத்தகம் எத்தனை நாள் வரும்? ஆடியும் பிறந்துவிட்டது, இனி பார்க்க வர யாருமில்லை. வரிவரியாக, நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதைப்போல மெதுவாகப் படித்தாள். அப்படியும் கடைசிப் பக்கம் வந்துவிட்டது. அதைப் படிக்காமல் ஒருநாள் மூடி வைத்தாள். அன்றைக்கு மத்தியானம் வாசலோடு நின்றது, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஏமாற்ற முடியாது என்று தெரிந்தது. அடுத்த நாள் படித்து முடித்தாள். கடைசி வரியில் பங்கஜம் எழுதியவரின் பேனாவைத் தின்றுவிட்டதால் புத்தகம் அங்கே நின்றிருந்தது. சிரித்தபடியே புத்தகத்தை அலமாரியில் வைத்து, போகும்போது குளிராமல் இருக்கட்டும் என்று பழைய துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டு, படுத்து, நன்றாக அழுதாள்.

விடிந்து அலமாரியைத் திறந்தால் புத்தகம் போகவில்லை. துண்டை ஒதுக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தது. பக்கத்தில் உள்ளங்கை அளவில் இரண்டு சின்னப் புத்தகங்கள், ஈரம் காயாமல், தாள் ஒட்டியபடி, அதன் முதுகை முட்டிக்கொண்டிருந்தன.

மாசிலாமணி பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். தையல்நாயகி சற்றே பெரியதை மெல்லப் பிரித்தாள். அதில் ஒரு ஆடு வேலி தாண்டியது. மற்றொன்றைப் பிரித்தாள், நடுக்கடலில் ஒரு கப்பல், மேல்தளத்தில் இரண்டு சமையல்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பெருசு அம்மா ஜாடை" என்றார் அவர். "இந்தச் சின்னது யார் ஜாடை?"

"வளரட்டும், தெரியும்" என்று சொல்லி, இரண்டையும் முந்தானையில் துடைத்து, வெயில் வரப்போகிற இடமாகப் பார்த்து பால்கனியில் வைத்தாள்.