ராணி மாதிரி இரிக்கன்

படலையடியில் யதுர்ஷனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோது மங்கையற்கரசி கிணற்றடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செதிள் ஒட்டிய கையோடே எழுந்து ஓடினாள். யதுர்ஷன் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பைப் பார்க்கிற பொடியன். ஐந்து மாதத்தில் ஆறு தடவை அவன் மேசைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். அவன் தேடி வருவதென்றால் அது தங்கச்சியைப் பற்றிய சேதியாகத்தான் இருக்க வேண்டும்.

"நிருஷாவப் பத்தி ஏதும் தெரிஞ்சுதா தம்பி?"

"அது இல்லக்கா. இது வேற." அவன் ஒரு கடித உறையை நீட்டினான். பதினெட்டாம் திகதி புலம்பெயர்ந்த தொழிலாளர் தினம். பதினேழு வருசம் குவைத்தில் உழைத்தவள் என்று அவளை மேடையேற்றிக் கௌரவிக்கப் போகிறார்களாம். "நாட்டுக்கு வாற டொலர்ல பெரும்பங்கு உங்கள மாதிரி ஆக்கள் அனுப்பினதுதான். தேயிலையெல்லாம் அதுக்குப் பிறகுதான் அக்கா."

"என்ர தங்கச்சியும் அதுக்குத்தானே போனாள்?"

யதுர்ஷன் நிலத்தைப் பார்த்தான். "அவ பதியாம, விசிட் விசாவுல போனவ. எங்கட கணினியில அவட பேரே இல்ல. பேரில்லாத ஆளத் தேடச் சொல்லி நான் எப்பிடி எழுதுற?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வாறார். ஒரு கடிதம் எழுதி அவர்ட கையிலயே குடுங்க. அதுக்காகவாவது வாங்க."

நல்ல பொடியன். அவன் அதைச் சொல்லாதிருந்தால் அவள் போயிருக்கமாட்டாள்.

ஆரையம்பதியில் அவர்கள் வளவில் எழும்பிய முதல் மாபிள் பதித்த வீடு மங்கையற்கரசியினுடையது. அதைப் பார்த்துத்தான் நிருஷா போனாள் என்று சனம் பேசியது. மங்கையற்கரசிக்கு மட்டும் தெரியும், வீட்டைப் பார்த்தல்ல, தன் பேச்சைக் கேட்டுத்தான் அவள் போனாள் என்று. மங்கையற்கரசி குவைத்துக்குப் போன இரண்டாம் வருசம், அவள் வேலை செய்த வீட்டார் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனார்கள். போகும்போது அவளை உள்ளே வைத்து வெளிக்கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டார்கள். இருபத்தாறு நாள். காய்ந்த குபூஸ் ரொட்டியும் பேரீச்சம்பழமும் இருந்தன. இருபதாம் நாள் அதுவும் முடிந்தது. ஏசியை வெளியிலிருந்தே நிறுத்திவிட்டிருந்ததால் குளியலறைத் தரையில் ஈரத்துணியை விரித்து அதன்மேல் கிடந்தாள். அவர்கள் திரும்பி வந்தபின் ஒருநாள் தொலைபேசி கொடுத்தபோது தங்கச்சியிடம் சொன்னாள்: "வீட்டுக்காரர் எல்லாரும் பயணம் போயிருந்தாங்க. முழு வீட்டுலயும் நான் மட்டும்தான். ராணி மாதிரி இரிக்கன்." நிருஷா சிரித்த சிரிப்பு கடல் கடந்து கேட்டது. அந்தச் சிரிப்புக்காகவே பிறகும் பல பொய்களைச் சொன்னாள். ஊருக்கு வந்த பிறகும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால், கட்டிய வீட்டின் ஒவ்வொரு கல்லும் அழுமே என்று பயம்.

பதிய நாளெடுக்கும் என்று ஏஜென்சிக்காரன் சொன்னதை நம்பி ஓமானுக்குப் போன நிருஷா ஜூலையில் கடைசியாகப் பேசினாள். "அக்கா, நீ சொன்ன மாதிரி இல்லக்கா இஞ்ச..." அவ்வளவுதான். அழைப்பு அறுந்தது. அதை மங்கையற்கரசி நிருஷாவின் மகள் கம்சாயினியிடம் சொல்லவில்லை. "அம்மாட போன் உடைஞ்சிருக்கும் மனே" என்றுதான் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிவைத்திருந்தாள்.

பதினெட்டாம் திகதி மண்டபம் நிறையப் பெண்கள். கம்சாயினி இரண்டாவது வரிசையில் இருந்தாள். கொழும்புப் பெரியவர் பொன்னாடை போர்த்தி, கண்ணாடி நினைவுச் சின்னத்தைக் கையில் தந்தபோது மங்கையற்கரசி கடிதத்தை நீட்டினாள். யதுர்ஷன் அவர் காதருகே குனிந்து சிங்களத்தில் விளக்கினான். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவளுக்கு அழுகை வந்தது.

பிறகு அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் பேசப் பேச யதுர்ஷன் தமிழில் சொன்னான். நாட்டைத் தாங்குவது உங்கள் கைகள் என்றார். திடீரென்று மங்கையற்கரசியைக் கையால் காட்டி ஏதோ சொன்னார். யதுர்ஷன் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் திரும்பிப் பார்த்தார். அவன் தாளைப் பார்த்தபடி, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் சொன்னான்:

"இந்த அம்மா முறைப்படி போனார், இன்று கௌரவம் பெறுகிறார். இவருடைய தங்கை பதியாமல் போனார். இன்று அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. இதை எல்லோரும் பாடமாக எடுக்க வேண்டும்."

மண்டபம் ஒருமுறை 'இச்' கொட்டியது. அத்தனை தலைகளுக்கு நடுவிலும் மங்கையற்கரசிக்கு ஒரு முகம்தான் தெரிந்தது. கம்சாயினி அழவில்லை. பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் வெட்டாமல்.

"இப்ப அம்மா ரெண்டு வார்த்தை பேசுவா" என்றது மேடை.

அவள் ஒலிவாங்கியடிக்குப் போனாள். குளியலறைத் தரை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சொல்லிவிட்டால் இங்கே இருக்கிற பத்துப் பெண்களாவது யோசிப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளை இன்றையிலிருந்து கண்ணை மூடும்போதெல்லாம் அந்தத் தரையில் தன் தாயைத்தான் காணும்.

"நான் போன வீடு நல்ல வீடு," என்றாள். "என்னத் தங்கட ஆளாத்தான் வச்சிருந்தாங்க. வீட்டுக்காரர் பயணம் போனா முழு வீடும் என்ர கையிலதான். ராணி மாதிரி இருந்தன். அங்க எல்லாரும் நல்ல சனம்தான். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது."

கைதட்டல் நெடுநேரம் கேட்டது. பெரியவரும் தட்டினார். யதுர்ஷன் மட்டும் தட்டவில்லை.

வெளியே வந்தபோது கம்சாயினி அவள் கையைப் பிடித்தாள். "மெய்யாவா பெரியம்மா?"

"மெய்தான் மனே."

வாசலில், இடுப்பில் பெண் குழந்தையோடு ஒரு இளம்பெண் காத்துநின்றாள். முகமெல்லாம் வெளிச்சம். "அக்கா, கதிரவெளியிலிருந்து வந்தன். வெளிநாடு போவமா விடுவமா எண்டு இருந்தன். நீங்க சொன்னதக் கேட்டாப் பிறகுதான் மனசு ஆறிச்சு. எல்லாம் சட்டப்படிதான், விண்ணப்பப் பாரமும் முந்தியே குடுத்திட்டன்."

மங்கையற்கரசி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அவள் விரல்களைக் கம்சாயினியின் விரல்கள் இறுக்கிக்கொண்டிருந்தன. "புள்ளைக்கு எத்தின வயசு?" என்று மட்டும் கேட்டாள். "அஞ்சுக்குக் குறைவெண்டா தாயப் போக விடமாட்டாங்களே?"

பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "வாற மாசிக்குத்தான் நாலு. பாரத்தில ஆறு."

வயசு என்ற சொல் காதில் விழுந்ததுமே குழந்தை வாயிலிருந்த விரலை எடுத்தது. ஒரு கையை முழுதாக விரித்தது. மறு கையில் ஒற்றை விரலை நிமிர்த்தி, சொல்லிக்கொடுத்தபடியே, இரண்டையும் சேர்த்து மங்கையற்கரசியின் முகத்துக்கு நேரே பிடித்தது.